பொன்னில் பொறித்த புராணம்

ஏறக்குறைய 20 மில்லிமீட்டர் அகலமே உடைய ஒரு பொன் வட்டத்தில் ஒரு கதையைக் காட்டவேண்டுமானால், அந்தக் கதை காண்பவர் நெஞ்சில் முன்பே குடிகொண்டிருத்தல் வேண்டும். ஔரியஸ் என்னும் ரோமானியப் பொற்காசின் பின்புறத்தில் தேவர்களையும் வீரர்களையும் வெட்டிய அக்கசாலைச் சிற்பிகள் இதை நன்குணர்ந்திருந்தார்கள். அவர்களை ஏவிய ஆட்சியாளர்கள்தாம் பல வேளைகளில் மறந்தார்கள்.

கி. மு. 42-இல், ரோமாபுரியை ஆண்ட மூவருக்கும் லிவினேயஸ் ரெகுலஸ் என்ற நாணய அதிகாரி பொற்காசுகள் அடித்தான். அண்டோனியின் காசில் அவன் குலமுதல்வனாகச் சொல்லப்பட்ட, ஹெர்குலிஸின் மகன் அண்டோன் அமர்ந்திருக்கிறான். லெப்பிடஸின் காசில் அவன் குலத்தைச் சேர்ந்த, வெஸ்டா தேவியின் கன்னிப் பூசாரிணி எமிலியா நிற்கிறாள். ஆக்டேவியனின் காசிலோ, எரியும் டிராய் நகரை விட்டு முதிய தந்தை அங்கைசிஸைத் தோளிற் சுமந்து ஈனியாஸ் நடக்கிறான். முன்னிரண்டும் வமிசப் பெருமையோடு நின்றுவிட, மூன்றாவது ஒரு செயலைக் கண்முன் நிறுத்துகிறது. கொலையுண்ட சீசரின் சுவீகார புத்திரனாகிய ஆக்டேவியன், இருபது பிராயமே நிரம்பிய நிலையில், தந்தைக்குரிய கடனைத் தீர்க்கவே தான் வாளெடுத்ததாக உலகை நம்பவைக்க வேண்டியிருந்த தருணத்தில், ஜூலியர் குலத்தின் மூதாதை என்று போற்றப்பட்ட ஈனியாஸின் பிதிர்பக்தியைக் காட்டியது எத்துணை நுட்பமான தேர்வு! ஒரு சொல்லும் வேண்டாமல் புராணமே அவனுக்காக வாதாடுகிறது.

இந்த ஆற்றல் சிதைவதைக் கொமோடஸ் சக்கரவர்த்தியின் கடைசிக் காசுகளில் காண்கிறோம். சிங்கத்தின் தோலைத் தலையிற் போர்த்துத் தானே ஹெர்குலிஸாகத் தோன்றும் அவன் முகத்தில் வேலைப்பாட்டுக்குக் குறைவில்லை. ஆனால் மனிதனுக்கும் தெய்வத்துக்கும் இடையே கற்பனை உலாவுவதற்கு இருந்த வெளி அடைபட்டுவிட்டது. 192 டிசம்பர் 31 அன்று அவன் கொலையுண்டான். அதே ஹெர்குலிஸைக் கால் (Gaul) நாட்டில் 260 முதல் 269 வரை தனியரசு நடத்திய போஸ்டுமஸும் எடுத்தாண்டான். அவனோ தன் முகத்தைத் தெய்வத்தின் முகத்தோடு அருகருகே வைத்ததன்றி, அத்தெய்வம் உழைத்து முடித்த அரும்பணிகளையும் காசுதோறும் பொறிக்கச் செய்தான். எல்லைப்புறப் படையெடுப்புகளோடு போராடிய ஆட்சிக்கு அக்காட்சிகள் பொருந்துகின்றன. எனக்கு இவையே உயர்ந்தவையாகப் படுகின்றன.

மற்றொரு குறை உலோகத்தைப் பற்றியது. ஒரு ரோமானிய ராத்தல் பொன்னில் சீசர் காலத்தில் 40 காசுகள் அடிக்கப்பட்டன. நீரோ 64-இல் அதை 45 ஆக்கினான். 'காக்கும் ஜுபிட்டர்' அரியணையில் வீற்றிருக்கும் நீரோவின் பொற்காசு அந்த எடைக்குறைப்பை ஒட்டி வெளிவந்ததே. அரசனைக் காத்த தெய்வம் காசின் எடையைக் காக்கவில்லை. அன்றியும், ஓர் ஔரியஸ் 25 வெள்ளி தினாரியஸுக்குச் சமம். அகஸ்டஸ் காலத்துச் சிப்பாயின் ஆண்டுச் சம்பளமோ 225 தினாரியஸ், அதாவது ஒன்பதே பொற்காசு. ஆகவே இச்சித்திரங்கள் பெரும்பாலும் செல்வரோடும் அதிகாரிகளோடுமே பேசின. சாம்ராஜ்யத்துக்கு வெளியே அதுவும் இல்லை: 1898-இல் புதுக்கோட்டைச் சீமையில் கிடைத்த 501 பொற்காசுகளில் மிகப் பலவற்றின் முகப்பு உருவம் உளியால் வெட்டுண்டிருக்கிறது. இங்கே பொன் மட்டுமே மதிப்புப் பெற்றது.

கான்ஸ்டன்டைன் தன் காசுகளில் சூரியதேவனைத் துணைவனாகக் காட்டிவந்தவன். 325-ஐ ஒட்டி அத்தெய்வம் மறைந்தது. வெற்றித் தேவதை விக்டோரியா மட்டும் நிலைத்தாள்; ஐந்தாம் நூற்றாண்டில் நீண்ட சிலுவையைக் கையில் ஏந்தினாள்; ஆறாம் நூற்றாண்டில், முதலாம் ஜஸ்டினின் ஆட்சியில், ஆண் உருவத் தேவதூதனுக்கு இடம் விட்டாள். ஈனியாஸைப்போல் தனக்கெனச் சொல்லத்தக்க கதை ஏதும் இல்லாமையாலேயே அவளை எந்தச் சமயத்தோடும் எளிதில் இணைக்க முடிந்தது.