அச்சத்திற்கு ஒரு சொல் போதுமா?

ஆங்கிலத்தில் அச்சத்தைக் குறிக்கும் சொற்கள் பல. நம் மொழிபெயர்ப்புகளில் அவை பெரும்பாலும் ‘பயங்கரம்’ என்ற ஒரு சொல்லிலேயே அடங்கிவிடுகின்றன. இது தமிழின் வறுமையன்று, எழுதுவோரின் சோம்பல்.

‘டெரர்’, ‘ஹாரர்’ எனும் இரண்டையும் பிரித்துக் காட்டியவர் நாவலாசிரியை ஆன் ராட்கிளிஃப். முன்னது உள்ளத்தை விரித்து எழுப்பும். பின்னது சுருக்கி உறைய வைக்கும் என்பது 1826இல் வெளிவந்த அவர் கட்டுரையின் கருத்து. வரப்போவதை எண்ணி நடுங்குவது திகில். கண்முன் நின்று உறைய வைப்பது கோரம். இரண்டும் நம் வழக்கிலுள்ள சொற்களே.

தொல்காப்பியரோ உரியியலில் பே, நாம், உரும் என்பவற்றை அச்சப் பொருள் தரும் சொற்களாகக் காட்டினார். மெய்ப்பாட்டியலில், அச்சம் எதனால் பிறக்கும் என ஆராய்ந்து அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்கு வகுத்தார்.

இவ்வினாவின் அருமையை மலாயாவின் அவசரகாலம் (1948–1960) உணர்த்தும். காட்டிலிருந்து போரிட்டவர்களைக் ‘கொள்ளையர்’ என்றுவந்த ஆங்கில அரசு, 1952இல் ‘பயங்கரவாதிகள்’ என்று பெயர் மாற்றிற்று. முதற்பெயர் செயலைச் சுட்டியது; அடுத்தது அச்சத்தையே பெயராக்கியது. பண்டமாரான் போன்ற புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டோர் அஞ்சியது காட்டை மட்டுந்தானா? ‘தம் இறை’ என்பதையும் பட்டியலில் சேர்த்த தொல்காப்பியரின் நுட்பம் இங்கே விளங்கும்.

மாணவன் ‘பயங்கரம்’ என்றெழுதினால், ‘எதனால்?’ என்று ஆசிரியர் கேட்கட்டும். உரிய சொல் தானே வரும்.