'அவசரச் சட்டம்': ஒரு நூலும் ஒரு கலைச்சொல்லும்

சட்டமாக்கத்தை மொழிபெயர்ப்போர் அரசமைப்பின் உறுப்புகளை மட்டும் பயின்றால் போதாது. அவ்வுறுப்புகள் நடைமுறையில் எவ்வாறு கையாளப்பட்டன என்பதையும் அறிதல் வேண்டும். அதற்குப் பரிந்துரைக்கத்தக்கது, புனே கோகலே நிறுவனப் பொருளியலறிஞர் டி. சி. வாத்வா, ஆர்டினன்ஸ்களை மீண்டும் மீண்டும் பிறப்பிப்பதை அரசமைப்பின்மீதான மோசடி எனச் சாடி 1983இல் வெளியிட்ட ஆங்கில நூலாகும்.

சட்டமன்றம் கூடியிராதபோது, உடனடி நடவடிக்கை தேவையெனக் கருதினால், ஆளுநர் ஆர்டினன்ஸ் பிறப்பிக்க 213ஆம் உறுப்பு இடந்தருகிறது. மன்றம் மீண்டும் கூடிய 6 வாரங்களில் அது காலாவதியாகும். ஆனால் பீகாரில் 1967 முதல் 1981 வரை 256 ஆர்டினன்ஸ்கள் ஓராண்டு முதல் 14 ஆண்டுகள் வரை உயிரோடு வைக்கப்பட்டிருந்தன. கரும்பு வழங்கல், கொள்முதல் பற்றிய 1968ஆம் ஆண்டு ஆர்டினன்ஸ் ஏறத்தாழ 14 ஆண்டுகள் நீடித்தது. வாத்வாவும் பிறரும் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986இல் இவ்வழக்கத்தைக் கண்டித்தது. ஆர்டினன்ஸை மன்றத்தின்முன் வைத்தல் கட்டாயம் என்று 2017இல் எழுவர் அமர்வு உறுதிசெய்தது.

எண்களும் தேதிகளும் மலிந்த இந்நூல் படிப்போர்க்கு அயர்ச்சி தரலாம். எனினும் அவ்வெண்களே அதன் வாதம். ஆங்கில நூலாதலின் தமிழ்க் கலைச்சொல்லை அது தொடவில்லை, அப்பணி நம்முடையது.

'ஆர்டினன்ஸ்' என்னும் ஆங்கிலச் சொல்லில் அவசரம் என்ற பொருள் இல்லை. 'அவசரச் சட்டம்' என்னும் தமிழ்த்தொடர் அதனை வெளிப்படுத்துகிறது. 14 ஆண்டுக்கால அவசரம் என்பதிலுள்ள முரண் தமிழில் உடனே புலப்படும். இது தமிழ்த்தொடரின் சிறப்பு. ஆனால் 'சட்டம்' என்னும் பெயர், அதனை மன்றமே ஆக்கியதென்ற மயக்கத்தையும் தருகிறது. இம்மயக்கத்தை நீக்குவது வினைச்சொல்லே. சட்டம் இயற்றப்படுகிறது, ஆணை பிறப்பிக்கப்படுகிறது. 'அவசரச் சட்டம் இயற்றப்பட்டது' என எழுதும்போது, மக்கள் பிரதிநிதிகள் விவாதிக்காத ஒன்று அவர்கள் விவாதித்து ஏற்றதாகத் தோன்றிவிடுகிறது.

ஆர்டினன்ஸுக்குச் சட்டத்திற்கு நிகரான ஆற்றல் உண்டு என்னும் கூற்றையும், ஆயினும் அது மன்றத்தின்முன் வைக்கப்படவேண்டும் என்னும் நிபந்தனையையும் அரசமைப்பு ஒரே தொடரில் பிணைக்கிறது. எளிமை கருதி அத்தொடரை இரண்டாக உடைக்கும் மொழிபெயர்ப்பாளர் ஆற்றலை முன்னிறுத்தி நிபந்தனையைத் தளர்த்திவிடுகிறார். அந்நிபந்தனை தளர்ந்தால் நேர்வது யாது என்பதற்கு வாத்வாவின் நூலே சான்று.