சரோஜினியின் காற்று

ஹைதராபாத்தின் குஷாய்குடாவில் டியூஷன் படிக்கும் பிள்ளைகளுக்கு ஆங்கில அணிகள் ஒரு வேட்டை. ‘லைக்’, ‘ஆஸ்’ கண்ணில் பட்டால் சிமிலி, படாவிட்டால் மெட்டஃபர், காற்றோ நிலாவோ பேசினால் பெர்சானிஃபிகேஷன். அடிக்கோடு போட்டு மார்க் வாங்கிவிடுவார்கள். அந்த அணி அங்கே என்ன வேலை பார்க்கிறது என்று கேட்டால் முழிப்பார்கள்.

அதைக் காட்டித்தர ஷேக்ஸ்பியர் வரை போக வேண்டாம். ஈ.சி.ஐ.எல். க்ராஸ் ரோட்டில் பஸ் ஏறினால் நாம்பள்ளியில் கவிஞர் சரோஜினி நாயுடு வாழ்ந்த ‘கோல்டன் த்ரெஷோல்ட்’ வீடு. 1905இல் லண்டனில் வெளியான அவருடைய கவிதைத் தொகுப்புக்கும் அதே பெயர்தான்.

அதில் எல்லோருக்கும் தெரிந்தது பல்லக்குத் தூக்கிகள் பாட்டு. பன்னிரண்டே வரி. பூ, பறவை, விண்மீன், கண்ணீர், முத்து என்று உவமைக்கு மேல் உவமை. அத்தனையும் ‘கனமே இல்லை’ என்ற ஒன்றையே சொல்கின்றன. சந்தம் தூக்கிகளின் நடையோடு ஆடுகிறது, கேட்க இனிமைதான். ஆனால் தோள் வலிக்காத தூக்கிகளை நான் நம்புவதில்லை.

நெசவாளர் பாட்டு வேறு ரகம். காலையில் பிறந்த குழந்தைக்கு மீன்கொத்திச் சிறகின் நீலம்; மாலையில் மணப்பெண்ணுக்கு மயில்தோகையின் நிறம்; இரவில் பிணத்துக்கு இறகும் மேகமும் போன்ற வெள்ளை. முதலில் பெயருள்ள ஒரு பறவையின் சிறகு, அப்புறம் தோகை, கடைசியில் எந்தப் பறவையுடையது என்றே தெரியாத ஓர் இறகு. சாவு என்று தனியாகச் சொல்லவே வேண்டாம், பறவை போய்விட்டது. இங்கிலாந்துப் பறவைகளை விட்டுவிட்டு உங்கள் நாட்டை எழுதுங்கள் என்று இளம் சரோஜினியிடம் சொன்னவர் விமர்சகர் எட்மண்ட் காஸ். அவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

எனக்கு எல்லாவற்றிலும் மேலானது சோழமண்டலக் கரை மீனவர் பாட்டு. ஹைதராபாத்தில் பிறந்தவர் நம் கடற்கரையை எழுதியிருக்கிறார் என்ற ஒட்டுறவு ஒருபுறம் இருக்கட்டும். விடியலின் கைகளில் காற்று தூங்குகிறது, இரவெல்லாம் அழுது ஓய்ந்த பிள்ளை மாதிரி. காற்றை ஆளாக்கியது ஓர் அணி. அதன் மேல் ஓர் உவமை. ஆனால் இது அலங்காரம் இல்லை, வானிலைச் செய்தி. ராத்திரி காற்று ஆட்டம் போட்டது, இப்போது அடங்கிவிட்டது, வலையை எடுங்கள். கட்டுமரத்தைத் தள்ளப்போகிறவனுக்கு வேண்டிய தகவல் அத்தனையும் அந்த ஒரு பிள்ளைக்குள் இருக்கிறது. அதற்குப் பிறகு கடல் தாயாகிறது, மேகம் அண்ணன் தம்பியாகிறது, அலை கூட்டாளியாகிறது. இங்கே ‘போல’வே கிடையாது. கரையில் இருப்பவன் ஒப்பிட்டுப் பார்ப்பான்; கடலுக்குள் போகிறவனுக்கு அது தாயேதான்.

அதே பாட்டில் இன்னோர் இடத்தில் புயலுக்கு முடி முளைத்திருக்கிறது. அதைப் பிடித்து அடக்கி வைத்திருக்கிறவன் நம்மைக் காப்பான் என்கிறார்கள் மீனவர்கள். விடியலில் தூங்கிய பிள்ளையும் முடியைப் பிடித்து இழுக்க வேண்டிய இந்த முரடனும் ஒரே காற்றுதான்.