வார்ப்பிரும்பின் லட்சணம்

சென்னைப் புதுப்பேட்டையில், கூவத்தின் கரையை ஒட்டி, பழைய மோட்டார் வண்டிகளின் அங்கங்கள் இரு மருங்கிலும் குன்றுகளாகக் குவிந்து கிடக்கும் சந்துகளுள் ஒன்றில், லேத் பட்டறை வைத்திருக்கும் மேஸ்திரி ஒருவரோடு பல பிற்பகல்களைக் கழிக்கும் பாக்கியம் எனக்கு வாய்த்திருக்கிறது. வீணையின் குடத்தைத் தடவியும் தட்டியும் அதன் நாதம் எப்படி அமையும் என்று சொல்லிவிடுகிற தஞ்சாவூர் ஆசாரியைப் போல, கழற்றி வைத்த என்ஜின் பிளாக் ஒன்றின் முன் அவர் குந்தி உட்காரும்போது அவருடைய கண்ணிலும் விரலிலும் கூடி நிற்கிற ஏகாக்கிரத்தை ரசிப்பதற்காகவே, எனக்கு வேலை இல்லாத நாட்களிலும் நான் அங்கே போவதுண்டு.

என் தந்தையார் வாங்கி, அவர் காலத்திலும் பின்பு என் காலத்திலுமாக ஓடி உழைத்த அம்பாசடர் காரின் என்ஜினை முதன்முறையாகப் பிரிக்க நேர்ந்தபோதுதான் அந்தப் பரீட்சையை ஆதியோடந்தமாக நான் பார்த்தேன். இங்கிலாந்தின் பி.எம்.சி. நிறுவனத்தில் பி வரிசை என்று பெயர் பெற்ற அந்த என்ஜின், 1955-ல் வெளிவந்த எம்.ஜி.ஏ. என்னும் ஒய்யாரமான திறந்த காரிலும் அமர்ந்திருந்தது. 1959-ல், பக்கவாட்டு வால்வுகளைக் கொண்ட பழைய என்ஜினின் ஸ்தானத்தில், நம் அம்பாசடருக்குள் குடிபுகுந்தது. நான்கு சிலிண்டர்கள், ஒவ்வொன்றின் விட்டமும் 2.875 அங்குலம், அதாவது 73.025 மில்லிமீட்டர், பிஸ்டனின் வீச்சு 88.9 மில்லிமீட்டர், மொத்தக் கொள்ளளவு 1489 கன சென்டிமீட்டர், கிராங்க் ஷாஃப்டைத் தாங்குபவை மூன்றே மெயின் பேரிங்குகள். இத்தனையையும் தன் தேகத்துக்குள் தாங்கி நிற்பது ஒரே வார்ப்பாக வார்த்தெடுத்த சாம்பல்நிற வார்ப்பிரும்பு. அந்த இரும்புக்குள் மெல்லிய இதழ்களாகப் படிந்திருக்கும் கிராஃபைட், அதிர்வை விழுங்குவதோடு, உராயும் சுவருக்குத் தானே ஓரளவு மசகாகவும் உதவுகிறது என்பதை அறிந்த பிறகு, அழுக்கேறிய அந்தக் கனத்த பெட்டியின் மேல் எனக்கு மரியாதையே ஏற்பட்டுவிட்டது.

கழுவித் துடைத்துக் கொண்டுவரும்படி சொல்லும் பட்டறைகள் உண்டு. இந்த மேஸ்திரியோ கழுவாமல் கொண்டுவரச் சொல்லுவார். நோயாளி முகம் கழுவிப் பொட்டிட்டு வந்து நின்றால் வைத்தியன் பாதி நோயைக் காண மாட்டான் அல்லவா? அடிச்சட்டியில் தங்கிய எண்ணெய் பால் கலந்த காப்பியைப் போல வெளுத்திருந்தால் தண்ணீர் எங்கோ வழி கண்டுபிடித்திருக்கிறது. இரண்டு சிலிண்டர்களுக்கு நடுவே கேஸ்கெட்டின் மேல் கரிய தடம் ஒன்று ஓடியிருந்தால் அங்கே நெருப்பு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவியிருக்கிறது. பக்கச் சுவரில் கோர் பிளக்கின் கீழே துருவின் செந்நிறக் கோடு வழிந்திருந்தால் கிணற்றுத் தண்ணீரையே ரேடியேட்டருக்கு ஊற்றிக் காலம் தள்ளியிருக்கிறார்கள். இந்த மூன்றாவது குற்றத்துக்கு என் குடும்பமே பொறுப்பு என்பதை அன்று தெரிந்துகொண்டேன். பின்பக்கம் முழுவதும் எண்ணெய் ஊறிக் கிடந்ததை நான் கவலையோடு சுட்டிக்காட்டியபோது மட்டும் அவர் தலையசைத்து மறுத்தார். அந்த என்ஜினில் கிராங்கின் பின்முனைக்கு ரப்பர் சீல் கிடையாது. திருகுபோல் வெட்டிய ஒரு காடி எண்ணெயை உள்ளே திருப்பி அனுப்புகிறது. ஆகவே அது நின்ற இடத்தில் இரண்டு சொட்டு வைப்பது பிறவிக் குணம், நோயன்று.

பேரிங் மூடிகளைக் கழற்றும்போது அவர் காட்டிய சிரத்தையையும் சொல்ல வேண்டும். மூடியும் பிளாக்கும் ஒன்றாகப் பூட்டிய நிலையிலேயே துளை கடையப்பட்டவையாதலால், எந்த மூடி எந்த இடத்தது, எந்தப் பக்கம் முன்பக்கம் என்பதைப் புள்ளி குத்தி அடையாளம் செய்த பிறகே ஸ்பேனரை எடுத்தார். இடம் மாறிய மூடி, பார்வைக்குப் பொருந்தினாலும், கிராங்கை இறுக்கிப் பிடித்துவிடும்.

அதற்குப் பின்பே மண்ணெண்ணெய்க் குளியல். குளித்து உலர்ந்த பிளாக்கைக் கட்டையின் மேல் நிறுத்திச் சிறு சுத்தியால் இங்குமங்கும் தட்டினார். சந்தையில் பானை வாங்குகிறவள் விரல் முட்டியால் தட்டிக் காது கொடுப்பதற்கும் இதற்கும் பேதமில்லை. கார்வையோடு எழுந்த ஒலி ஓரிடத்திலும் மழுங்கவில்லை. ஆயினும் செவியை மட்டும் நம்பிவிடுகிறவர் அல்லர் அவர். சந்தேகம் வரக்கூடிய இடங்களில், விசேஷமாக ஹெட் அமரும் முகத்தில் ஸ்டட் துளைகளைச் சுற்றி, மறுபடி மண்ணெண்ணெயைத் தடவி ஊறவிட்டு, நன்றாகத் துடைத்து, மேலே சாக்குப்பொடியைப் பூசிக் காத்திருந்தார். விரிசல் இருந்தால் அதற்குள் ஒளிந்திருக்கும் எண்ணெய் கசிந்து வெள்ளையின் மேல் மயிரிழைபோல ஒரு கோடு எழுதிவிடும். குளிர் தேசங்களில் உறைந்த நீர் விரிந்து பிளாக்கைப் பிளக்கிறது. நம் நாட்டிலோ கொதித்து நின்ற வண்டியில் பதறிப்போய்ப் பச்சைத் தண்ணீரை ஊற்றுகிறவர்களின் கையே அதைச் செய்கிறது. எங்கள் பிளாக்கில் வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

பிளாக்கின் முகத்தைப் படிப்பதில் அவருக்குள்ள தேர்ச்சிக்கு வேறொரு நாளின் அநுபவம் உண்டு. நண்பர் ஒருவருக்காகப் பழைய பிளாக் ஒன்றை விலைபேசப் போயிருந்தோம். இதுவரை போர் பண்ணாதது என்று கடைக்காரர் சத்தியம் செய்தார். அளந்து பார்த்தால் விட்டமும் ஸ்டாண்டர்டாகவே நின்றது. மேஸ்திரி பெட்ரோலில் நனைத்த துணியால் மேல்முகத்தை ஒரு தரம் துடைத்து, வெயில் சாய்வாக விழும்படி பிளாக்கைத் திருப்பினார். ஒவ்வொரு சிலிண்டரின் வாயைச் சுற்றியும், நிலவைச் சுற்றிய கோட்டையைப் போல, மெல்லிய இரண்டாவது வட்டம் ஒன்று தெரிந்தது. தேய்ந்து தேய்ந்து, பெரிதாக்கிப் பெரிதாக்கி, இனிப் பெரிதாக்க இடமில்லாமல் ஸ்லீவ் இறக்கிப் பழைய அளவுக்கே கொண்டுவந்த பிளாக் அது. ஸ்லீவ் இறக்குவது குற்றமன்று. செம்மையாகச் செய்தால் நெடுங்காலம் உழைக்கும். கன்னி என்று சொல்லி விற்பதே குற்றம்.

இனி சிலிண்டருக்குள் வருவோம். பரீட்சையின் ஜீவன் அங்கேதான் இருக்கிறது. சிலிண்டர் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராகத் தேய்வதில்லை. பிஸ்டன் உச்சிக்குப் போய்த் திரும்புகிற அந்த க்ஷணத்தில் அது நின்றுவிடுகிறது; நின்றவுடன் எண்ணெய்ப் படலம் அறுந்துபோகிறது; வெடிக்கிற வாயுவோ மேல் ரிங்கின் பின்புறம் புகுந்து அதைச் சுவரோடு அழுத்துகிறது; காற்று வடிகட்டியைக் கவனியாமல் விட்டிருந்தால் வந்து சேரும் புழுதியும் அங்கேயே அரைபடுகிறது. ஆகையால் தேய்மானம் ரிங் எட்டுகிற உச்சிக்குச் சற்றே கீழே மிகுந்தும், இறங்க இறங்கக் குறைந்தும் போகிறது. ரிங் எட்டாத வாய்விளிம்பிலும் அடிப்பகுதியிலும் உலோகம் முதல்நாள் இருந்தபடியே இருக்கிறது. எத்தனை தேய்ந்திருக்கிறது என்று கேட்டால், தேயாத அந்த அடிப்பகுதியை அளந்து அதிலிருந்தே கணக்கைத் தொடங்குவார் மேஸ்திரி. முன்பின் திசையில் இரண்டு நெடுங்கீறல்கள் இருக்கின்றனவா என்றும் தேடினார். இந்த என்ஜினில் குட்ஜன் பின்னைக் கனெக்டிங் ராடின் தலையில் ஒரு போல்ட்டே இறுக்கிப் பிடித்திருக்கிறது. அது தளர்ந்தால் பின் நகர்ந்து சுவரைக் கீறிவிடும். கீறல் இல்லை.

போர் கேஜை இறக்கி உச்சி, நடு, அடி என்று மூன்றிடத்திலும், கிராங்கின் நெடுக்கிலும் குறுக்கிலுமாக அளந்தார். மூன்றாம் சிலிண்டரே அதிகம் தேய்ந்திருந்தது: நெடுக்கில், அங்குலத்தை ஆயிரம் பங்காக்கினால் இரண்டு பங்கு, குறுக்கில் ஏழு பங்கு. நால்வரில் மிக நலிந்தவனே மற்ற மூவரின் அளவையும் நிர்ணயிக்கிறான். பத்து, இருபது, முப்பது, நாற்பது என்று பத்துப் பத்தாகவே ஓவர்சைஸ் பிஸ்டன்கள் வருவதால், ஏழுக்குப் பத்து தாராளமாகப் போதும் என்று நான் மனத்துக்குள் கணக்கிட்டுக் கொண்டிருந்தேன்.

அவர் கேஜை வைத்துவிட்டு, ஆள்காட்டி விரலின் நகத்தைச் சுவரின் மேல் கீழிருந்து மெதுவாக ஏற்றினார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்களும் வெச்சுப் பாருங்க சார். இந்தப் பக்கம் ஏத்துங்க... அப்புறம் எதிர்ப்பக்கம்" என்றார்.

ஒரு பக்கத்தில் நகம் படியில் இடித்து நின்றது. எதிர்ப்பக்கத்தில் படி இருக்கிறதா இல்லையா என்றே சொல்ல முடியாதபடி வழுக்கிக்கொண்டு போயிற்று.

"கேஜ் விட்டத்தத்தான் சார் சொல்லும். தேஞ்சது எந்தப் பக்கம்னு அதுக்குத் தெரியாது. ஏழுல ஆறு இந்தப் பக்கமே போயிருக்கு."

வெடிப்பின் வேகத்தில் பிஸ்டன் சாய்ந்து உராய்கிற பக்கம் அது. பழைய மையத்தை விடாமல் கடைவதானால், ஒரு பக்கத்தில் ஆறு எடுக்கும்போது எதிர்ப்பக்கத்திலும் ஆறு எடுத்தாக வேண்டும். விட்டத்தில் பன்னிரண்டு ஆகிவிடுகிறது. பத்தில் கடைந்தால் அந்தப் பக்கத்தில் தேய்ந்த தழும்பு அப்படியே மிஞ்சும். மையத்தைச் சிறிது நகர்த்திப் பத்திலேயே முடித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் வண்டி ஓடாமலும் போவதில்லை. ஆனால் கிராங்குக்கு நேர் மேலே தொழிற்சாலையில் இட்ட மையத்தைத் தன் கையால் கலைக்க அவருக்கு மனம் வரவில்லை. அந்த மனமே அவருடைய கலையின் சூட்சுமம் என்று நான் நினைக்கிறேன்.

பிளாக்கின் பக்கவாட்டில் சாக்குக்கட்டியால் '20' என்று எழுதினார். பிறகு ஒரு சிறு கிண்ணத்தில் புது எண்ணெய் ஊற்றி, நான்கு சிலிண்டர்களின் சுவரிலும் உள்ளங்கையால் வழித்துப் பூசி, இரவில் வீசும் ஈரக் கடற்காற்று படாதபடி கோணிச் சாக்கைப் போர்த்தி மூடினார்.