கடற்பயண நூல்களும் நமது கடலோடிகளும்

ஒரு நூல் எவரைப் பேசுகிறது என்பதை ஆராய்வதோடு விமர்சனத்தின் கடமை முடிந்துவிடுவதில்லை. அந்நூல் எவரைப் பேசாது விடுகிறது என்பதையும் ஆராய்தல் வேண்டும். பெருங்கடலைத் தன்னந்தனியாகக் கடந்தோர் எழுதிய நூல்களை நம் மாணவர் பலர் ஆர்வத்தோடு வாசிக்கின்றனர். துணிவையும் தன்னம்பிக்கையையும் ஊட்டும் நூல்கள் அவை, வாசிக்கட்டும். ஆயினும், தனி மனிதன் ஒருவன் தன் ஆற்றலொன்றினாலேயே உலகை வென்றான் என்ற கதையை ஆராயாது ஏற்பது, உழைப்பின் வரலாற்றை மறப்பதற்கு ஒப்பாகும்.

இவ்வகை நூல்களுக்கெல்லாம் முன்னோடி, 1900இல் வெளிவந்த ஜோசுவா ஸ்லோக்கத்தின் உலகப் பயண நூல். 1895 ஏப்ரலில் பொஸ்டன் துறைமுகத்திலிருந்து ‘ஸ்பிறே’ என்ற சிறு பாய்க்கலத்தில் புறப்பட்ட ஸ்லோக்கம், குளொஸ்டர் துறையில் வேண்டிய பொருள்களைச் சேர்த்துக்கொண்டு கடலில் இறங்கினார். 1898 ஜூனில் உலகைச் சுற்றிவந்து அமெரிக்கக் கரையை அடைந்தார். தனியொருவராக உலகைச் சுற்றிய முதல் மனிதர் அவரே.

அந்நூலின் உயிர்நாடி புயல் வருணனையில் மட்டும் இல்லை. வயலோரத்தில் உக்கிக் கிடந்த பழைய கலமொன்றை மரம் மரமாக மாற்றிப் புதுக்கிய கதையில் அது தொடங்குகிறது. பதின்மூன்று மாத உழைப்பு. செலவு 553 டொலர் 62 சதம். ஒரு தொழிலாளி தன் கணக்கைத் தானே ஒப்புவிக்கும் நேர்மை அப்பக்கங்களில் இருக்கிறது. சிறுவயதிலேயே பள்ளிப்படிப்பை விட்டு உழைக்கச் சென்ற ஒருவரால் இத்தகைய உரைநடையை எழுத முடிந்தது என்பது நாம் மனங்கொள்ள வேண்டிய செய்தி. அதனை முதலில் தொடராக வெளியிட நியூயோர்க் சஞ்சிகை ஒன்று முன்வந்தது என்பதும் அதேயளவு முக்கியமான செய்தியாகும்.

அந்நூலின் எல்லையும் தெளிவானது. தென்னமெரிக்காவின் தென்முனையில், இரவிலே கலத்தில் ஏறவந்த பழங்குடி மக்களின் வெறுங்காலில் ஏறும்படி தளமெங்கும் சிற்றாணிகளைப் பரப்பிவைத்ததை ஸ்லோக்கம் நகைச்சுவையோடு கூறுகிறார். அந்த மக்களின் நிலம் செம்மறியாட்டுப் பண்ணைகளுக்காகப் பறிக்கப்பட்டு, அவர்கள் வேட்டையாடப்பட்ட காலம் அது. வாசகன் ஆணியின் தந்திரத்தைக் கண்டு சிரிக்கிறான். காலுக்குரியவன் எவன் என்று கேட்பதில்லை.

1968இல் இலண்டன் ஞாயிற்றுப் பத்திரிகை ஒன்று, எங்கும் தரிக்காது உலகைத் தனியே சுற்றும் போட்டியை அறிவித்தது. ஒன்பதுபேர் புறப்பட்டனர், முடித்தவர் ஒருவரே. அவர் றொபின் நொக்ஸ்-ஜோன்ஸ்டன். 312 நாள்களில், 1969 ஏப்ரலில், அவரைக் கரைசேர்த்த ‘சுஹைலி’ என்ற கலம் பம்பாயிலே தேக்கு மரத்தில் கட்டப்பட்டது. அந்த வெற்றியில் நம் துணைக்கண்டத்துத் தச்சரின் உளியும் பங்குகொண்டது என்பதை உலகம் எத்தனை தடவை நினைத்தது? அதே போட்டியில் டொனால்ட் குரோகேர்ஸ்ட் பொய்யான இடக்குறிப்புகளை அனுப்பி, இறுதியில் கடலில் மறைந்துபோனார். பிரெஞ்சு மாலுமி மொய்தெசியே போட்டியை உதறித் தாகித்தி நோக்கித் திரும்பினார். பரிசையும் புகழையும் அவர் மறுத்தது பெருமைக்குரியதே. ஆயினும் சந்தையை வெறுத்து ஒருவன் தனியே விலகிச்செல்வதால் சந்தை அழிந்துவிடுவதில்லை.

இனி நம் கரைக்கு வருவோம். வல்வெட்டித்துறையில் 1930ஆம் ஆண்டளவில் ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பல் கட்டப்பட்டது. நீளம் ஏறத்தாழ 89 அடி. அதைக் கட்டியவர் மேலைத்தேயக் கப்பற்கலைக் கல்லூரி எதிலும் பயின்றவரல்லர், ஊர் மேத்திரியார். வில்லியம் அல்பேட் றொபின்சன் என்ற அமெரிக்கர் அக்கப்பலை விலைக்கு வாங்கித் தம் மனைவியின் பெயரால் ‘புளோறன்ஸ் சி. றொபின்சன்’ என மறுபெயரிட்டார். வல்வைக் கடலோடிகள் அதைச் செங்கடல், சுயஸ், மத்தியதரைக்கடல் வழியாகச் செலுத்தி, அத்திலாந்திக்கைக் கடந்து, 1938 ஆகஸ்டில் குளொஸ்டரை அடைந்தனர். நாற்பத்துமூன்று ஆண்டுகளுக்கு முன்னர் ஸ்லோக்கம் பொருள் சேர்த்துப் புறப்பட்ட அதே துறைமுகம்!

இந்த றொபின்சனும் சாதாரண மனிதரல்லர். முப்பத்திரண்டு அடிப் படகில் 1928 முதல் 1931 வரை உலகைச் சுற்றி, 1932இல் அப்பயணத்தை நூலாக்கியவர். பின்னரும் கடல் நூல்கள் எழுதியவர். கப்பலை வாங்கியவருக்கு நூல்கள் உண்டு. கப்பலைக் கட்டியவருக்கும் ஓட்டியவருக்கும் என்ன உண்டு? ஊர் மலர்களிலும் நினைவுக் கட்டுரைகளிலும் அமெரிக்கப் பத்திரிகைச் செய்திகளிலுமே அவர்களின் கதை பெரும்பாலும் தங்கிநிற்கிறது. அவர்கள் பக்கத்தில் நின்று அந்த அத்திலாந்திக் இரவுகளைச் சொல்லும் பயணநூல் எதுவும் தமிழ் வாசகரிடையே வழங்கவில்லை.

இதற்காக மேலைநாட்டு நூலாசிரியரைக் குறைகூறிப் பயனில்லை. குறை நம் சமுதாய அமைப்பில் இருக்கிறது. கைத்தொழிலையும் எழுத்தையும் இரு வேறு சாதிகளுக்கும் வர்க்கங்களுக்கும் பங்கிட்டுவைத்த சமுதாயம் நம்முடையது. யாழ்ப்பாணத்துக் கல்வி இலக்கணம் வல்ல பண்டிதரை உருவாக்கிற்று. அரசாங்க உத்தியோகத்துக்கு எழுதுவினைஞரை அனுப்பிற்று. ஏராமரம் இடுவதையும், கலப்பத்து அடிப்பதையும், வெள்ளி பார்த்துத் திசை அறிவதையும், வாடையும் சோழகமும் கச்சானும் கொண்டலும் எக்காலத்தில் எப்படி வீசும் என்பதையும் அக்கல்வி அறிவாகவே மதிக்கவில்லை. மதிக்காததை எவர் எழுதுவர்? எழுதாததை எவர் படிப்பர்?

பழம்பெருமை பேசுவோரும் இக்குறையைத் தீர்க்கவில்லை. 1025இல் இராசேந்திரனின் கப்பல்கள் கடாரம் சென்றதை மேடைதோறும் முழங்குவோர், அக்கப்பல்களின் பாயைத் தைத்தவன் யார், துடுப்பைப் பிடித்தவன் யார் என்று கேட்டதில்லை. மன்னனின் கப்பலைப் பாடி, மேத்திரியின் கப்பலை மறப்பதும் வர்க்கப் பார்வைதான்.

தமிழ் உரைநடை கடலைத் தாங்காது என்று எவரும் சொல்லமுடியாது. ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ 1972இலேயே அந்த ஐயத்தைத் தீர்த்துவிட்டது. திருநெல்வேலிக் கரையின் மக்களிடையே பிறந்த ஜோ டி குருஸ், ‘ஆழி சூழ் உலகு’ (2004), ‘கொற்கை’ (2009) ஆகிய நாவல்களில் மீனவரையும் தோணித் தொழிலாளரையும் அவர்தம் மொழியோடே இலக்கியத்தில் ஏற்றினார். பண்டிதர் எழுதித்தரும்வரை கரை காத்திருக்கத் தேவையில்லை என்பதற்கு அவை சான்று. ஆனால் அவை நாவல்கள். நடந்த பயணத்தை நடந்தவாறே, மரத்தின் பெயரும் காற்றின் பெயரும் கூலியின் அளவும் பிசகாது பதியும் நூல் வேறு. ஸ்லோக்கம் தம் 62 சதத்தையும் மறவாது எழுதியது போன்ற நூல் அது. நம்மிடம் இல்லாதது அதுவே.

காலமும் நமக்குச் சாதகமாக இல்லை. போர் இக்கரையைப் பல ஆண்டுகள் மூடிவைத்தது. கடலோரக் குடும்பங்களைப் பல நாடுகளுக்குச் சிதறடித்தது. வீடுகளோடு பெட்டகங்களும் அவற்றிலிருந்த கடிதங்களும் எரிந்தன. எஞ்சியிருப்பது பெரும்பாலும் முதியோரின் நினைவு. அதுவும் ஆண்டுதோறும் குறைந்துவருகிறது.

ஆகவே ஆசிரியரும் மாணவரும் செய்யத்தக்க பணி ஒன்றுண்டு. ஸ்லோக்கத்தை வகுப்பில் வாசித்தபின், கடற்கரைக்குச் சென்று தண்டையல்களின் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் கேளுங்கள். என்ன மரம், எவ்வளவு கூலி, என்ன உணவு, எந்தத் துறையில் என்ன அவமதிப்பு, திரும்பிவரும்போது கையில் என்ன இருந்தது என்று கேட்டு எழுதுங்கள். அவர்கள் பேசும் சொல்லைப் பண்டித நடைக்கு மாற்றாதீர்கள். நம் சஞ்சிகைகளும் அவ்வெழுத்துக்குப் பக்கங்களைத் திறந்துவிட வேண்டும். பள்ளிப்படிப்பை இடையில் விட்ட ஸ்லோக்கத்துக்கு ஒரு சஞ்சிகை செய்ததை, அத்திலாந்திக்கைக் கடந்த நம் கடலோடிகளுக்கு நாம் செய்யாதிருத்தல் நியாயமன்று.