கற்பனை வறட்சியும் செக்கோவின் அட்டைகளும்

“எழுதுவதற்கு ஒன்றுமே தோன்றவில்லை” என்ற முறைப்பாட்டை இளம் எழுத்தாளரிடமிருந்து கேளாத ஆசிரியர் எவரும் நம்மிடையே இரார். சென்ற ஆண்டு ஆசிரிய மாணவர் ஒருவர் என்னிடம் வந்தார். சஞ்சிகைகளில் மூன்று கதைகள் வெளிவந்த பின்னர் நான்காவது கதையைத் தொடங்கவே இயலவில்லை என்றும், தமது கற்பனை வற்றிவிட்டது என்றும் வருந்தினார். அம்மூன்று கதைகளையும் நான் படித்திருந்தேன். மூன்றும் ஒரே கதைதான். அதனை அவரிடம் அன்று சொல்ல மனம் வரவில்லை.

இந்நிலைக்கு நோய்ப்பெயர் சூட்டிய பெருமை எட்மண்ட் பெர்க்ளர் என்னும் உளப்பகுப்பாய்வாளரைச் சாரும். வியன்னாவிலிருந்து அமெரிக்காவிற் குடியேறிய இவர், 1940களில், எழுத்தாளரின் பேனா தடைப்படுவதற்கு அவரது குழந்தைப் பருவத்து மனச்சிக்கலே காரணம் என விளக்கினார். அவருக்கு முன்னும் பின்னும் கைநூல்கள் பல தோன்றின. விடியற்காலையில் எழுந்தவுடன் எழுதுக. கடிகாரத்தை முன்வைத்துப் பத்து நிமிடம் கை ஓயாது எழுதுக. பெட்டியிலிருந்து ஒரு சொல்லை எடுத்து அதனைக் கதையாக்குக. இவற்றை முற்றாக எள்ளுதல் நியாயமன்று. கை பழகுவதற்கு இவை உதவும். ஆனால் துலாவுக்கு எண்ணெய் இடுவதனாற் கிணற்றில் நீர் ஊறுவதில்லை.

முற்போக்கு அணியினராகிய நாமும் இதற்கு எளிய விடையொன்றை வைத்திருக்கிறோம். “மக்களிடம் செல்லுங்கள், கதை தானாக வரும்” என்கிறோம். கொள்கையளவில் இது சரியே. ஆயினும் சனிக்கிழமை தோட்டத்திற்குச் சென்று, ஞாயிறன்று திரும்பி, திங்கட்கிழமை கதையை முடித்துத் தபாலிற் சேர்த்தவர்களையும் நான் அறிவேன். ஒழுகும் லயக்கூரை, கங்காணியின் அதட்டல், கொழுந்துக்கூடையின் பாரம் ஆகியன அக்கதைகளிலே தவறாமல் வரும். அவர் பஸ்ஸில் ஏறுமுன்பே அவையெல்லாம் அவர் மனத்திற் கதையாக இருந்தவைதாம். மக்களிடஞ் சென்று தம்மையே சந்தித்துத் திரும்பியிருக்கிறார்.

இந்த இரு எளிய விடைகளுக்கும் அப்பால் நின்று சிந்திப்பதற்கு அன்ரன் செக்கோவின் வாழ்க்கையில் ஓராண்டு பெரிதும் உதவுகின்றது.

1886ஆம் ஆண்டில் மாத்திரம் நூற்றுக்கு மேற்பட்ட சிற்றாக்கங்களை எழுதித் தள்ளியவர் செக்கோவ். 1888இல் புஷ்கின் பரிசும் அவருக்குக் கிடைத்தது. ஆனால் 1889இல் அவர் எழுதியவை விரல்விட்டு எண்ணத்தக்கன. அவ்வாண்டு நடுப்பகுதியிலே தமையன் நிக்கொலாய் சயரோகத்தால் இறந்தார். ஆண்டிறுதியில் அரங்கேறிய ‘வனப் பூதம்’ என்ற நாடகம் தோல்வியுற்றது. எழுதிக்கொண்டிருந்த நாவலொன்றும் நிறைவேறவில்லை. அதே ஆண்டில் அவர் எழுதிய ‘சோர்வூட்டும் கதை’ கருதத்தக்கது. புகழ்மிக்க முதிய பேராசிரியர் ஒருவரிடம் அவர் வளர்த்த பெண், தான் என்ன செய்வது என்று கேட்கிறாள். தமக்குத் தெரியாது என்பதைத் தவிர அவரிடம் விடை இல்லை. தம் எண்ணங்களையெல்லாம் ஒன்றுசேர்க்கும் பொதுக்கருத்து எதுவும் தம்மிடம் இல்லை என்பதை அப்பேராசிரியர் உணர்கிறார். செக்கோவைத் தடுத்து நிறுத்தியதும் இதுவே என நான் கருதுகிறேன். அவருக்குக் கதைக்கரு கிடையாமற் போகவில்லை. எதனை, எதன்பொருட்டு எழுதுவது என்பதே மங்கியிருந்தது.

1890 ஏப்ரிலில் அவர் மொஸ்கோவை விட்டுப் புறப்பட்டார். நாடிச் சென்ற இடம் ருஷ்யாவின் கீழ்க்கோடியிலே கடுங்குற்றவாளிகள் நாடுகடத்தப்பட்ட சாகலின் தீவு. சைபீரிய இருப்புப்பாதையின் வேலை 1891இலேதான் தொடங்கியது. ஆதலால் ஆயிரக்கணக்கான மைல்களைச் சேற்றிலும் வெள்ளத்திலும் குதிரை வண்டியிலே கடந்தார். ஏற்கெனவே இரத்தம் கக்கிய உடம்பு அவருடையது. அங்கே போவதில் எவருக்கும் பயனில்லை என்று பதிப்பாளர் சுவோரின் தடுத்தபோது செக்கோவ் எழுதிய மறுமொழியில் ஒரு காரணம் நமக்கு முக்கியமானது. தாம் சோம்பேறியாகிவிட்டதாகவும், உடலாலும் மூளையாலும் ஆறுமாதம் இடைவிடாது உழைப்பது தமக்குத் தேவையென்றும் கூறினார். இலக்கியத்திற்குப் பெரும்பேறு எதனையும் கொண்டுவருவதாக அவர் வாக்களிக்கவில்லை. புறப்படுமுன் சாகலின் பற்றிய நூல்களை மாதக்கணக்கிற் படித்தார். நூலகத்திலிருந்து அவருக்காகக் குறிப்பெடுத்துக் கொடுத்தவர்களுள் அவரது சகோதரியும் ஒருவர்.

ஜூலை மாதம் தீவையடைந்த செக்கோவ் அங்கே செய்த வேலை குடிசன மதிப்பு! தீவின் அச்சுக்கூடத்திலேயே அட்டைகள் அச்சிடுவித்து, குடிசை குடிசையாக ஏறி இறங்கினார். பெயர், வயது, சமயம், பிறந்த இடம், தீவுக்கு வந்த ஆண்டு, தொழில், எழுத்தறிவு, மணமானவரா என்பன அவர் கேட்டவை. மூன்று மாதத்திற் பதினாயிரம் பேர்வரை பதிந்ததாகக் கூறினார். அரசியற் கைதிகளோடு பேசுவதற்கு மாத்திரம் அவருக்கு அனுமதி இருக்கவில்லை. தம் கணக்கெடுப்பின் நோக்கம் எண்களல்ல, எண்ணும்போது மனத்திற் பதிவனவே என்று பின்னர் தம் நூலில் அவரே ஒப்புக்கொண்டார். எழுத்தாளனுக்கு இதனினும் நல்ல உபாயம் ஒன்றை நான் அறியேன். அட்டை கையிலிருக்கும்போது பிறன் சொல்வதை எழுதவேண்டும்; தான் விரும்புவதை எழுத முடியாது. சுவையான கைதி, சுவையற்ற கைதி என்ற தெரிவுக்கும் அங்கே இடமில்லை.

சுமார் பத்து வயதுச் சிறுவன் ஒருவனிடம் அவர் தகப்பன் பெயரைக் கேட்டார். முழுப்பெயர் தெரியாது என்றான் பையன். கூட இருப்பவர் பெயர் தெரியாதா என்றதற்கு, அவர் தன் சொந்தத் தகப்பன் அல்லர் என்றான். தாய் கைம்பெண் என்றும், புருஷன் காரணமாக இங்கு வந்தாள் என்றும் சொன்னான். அதற்குப் பொருள் யாதென வினவ, அவனைக் கொன்றுவிட்டாள் என்றான். செக்கோவ் இதனைச் சில வரிகளில் வைத்துவிட்டு மேலே செல்கிறார். நம்மவர் கையில் இச்சிறுவன் அகப்பட்டிருந்தால் இருபது பக்கம் அழுதிருப்பான்.

சாகலின் அவருக்குச் சாகலின் கதைகளை வரிசையாக வழங்கவுமில்லை. ‘சாகலின் தீவு’ என்ற நூல் சஞ்சிகையில் வெளிவரத் தொடங்கியது 1893இல். புத்தகமாக வந்தது 1895இல். தீவை நேராகக் காட்டும் கதை என்று ‘கொலை’யின் இறுதிப் பகுதியைத்தான் சொல்லலாம். ஆனால் 1892இல் வந்த ‘ஆறாம் வார்டு’ கதையைப் பாருங்கள். அது நடப்பது ஒரு சிற்றூர் வைத்தியசாலையில். சாகலின் என்ற சொல்லே கதைக்கு வேண்டியிருக்கவில்லை. துன்பம் வெறும் மனக்கருத்து என்று தத்துவம் பேசிய வைத்தியர், தாம் பாராமுகமாயிருந்த அதே கம்பிகளுக்குள் அடைபட்டு அடிவாங்கிச் சாகிறார். 1889இல் ‘தெரியாது’ என்ற பேராசிரியர் மீது ஆசிரியருக்கு இரக்கம் இருந்தது. மூன்றாண்டின் பின் அத்தகைய பாராமுகத்திற்கு அவர் தீர்ப்பு எழுதுகிறார். இரண்டுக்கும் இடையில் நிற்பன அந்த அட்டைகள்.

நமக்கு அணுக்கமான ஒரு செய்தியும் உண்டு. திரும்பும் வழியில், 1890 நவம்பரில், செக்கோவ் கொழும்பில் இறங்கினார். கப்பலிற் கண்ட மரணங்களிலிருந்து பிறந்த ‘கூசெவ்’ கதை இலங்கையிற் கருக்கொண்டது என்று அவரே சுவோரினுக்கு எழுதினார். ஆகவே விரும்பினால் அடியிற் ‘கொழும்பு, நவம்பர் 12’ என்று பகட்டுக்காகப் போட்டுக்கொள்ளலாம் என்றும் வேடிக்கையாகச் சேர்த்தார். கதையிலே ஒரு தென்னை கிடையாது. நோயுற்று ஊர் திரும்பும் சாதாரணச் சிப்பாய் ஒருவன் கப்பலின் நோயாளர் அறையில் இறக்கிறான். பாய்த்துணியில் தைத்த அவன் உடலைக் கடலில் விடுகின்றனர்.

இலங்கையையோ அவர் சொர்க்கம் என்றார். நூறு கிலோமீற்றருக்கு மேல் புகையிரதத்திற் சென்று தென்னஞ்சோலைகளை ஆசைதீரக் கண்டதாக மகிழ்ந்தார். கீரிகளை வாங்கிக்கொண்டு போனார். மன்னார்க் கரையில் இறங்கிக் காடு கடந்து மாத்தளை நோக்கி நடந்துவந்த தென்னிந்தியத் தொழிலாளர் இலட்சக்கணக்கில் தேயிலைக்கு உழைத்த காலம் அது. அவர்களைப் பற்றி அவரது கடிதத்தில் ஒன்றுமில்லை. ஆங்கிலேயர் சுரண்டினாலும் தெருவும் குழாய்நீரும் தருகின்றனரே என்று ஹொங்கொங்கைக் கண்டு வாதாடியவரும் அவரேதான். சாகலினில் நரகத்தைக் கண்ட அதே கண்கள், அதே ஆண்டில், இங்கே சொர்க்கத்தைக் கண்டன. செக்கோவின் மனிதாபிமானம் கொழும்புக்கு வருமுன் குறைந்துபோகவில்லை. சாகலினில் மூன்று மாதம் கேட்டார். இங்கே சில நாள் பார்த்தார்.

இதனையெல்லாம் அந்த ஆசிரிய மாணவரிடம் நான் விரித்துரைக்கவில்லை. அவருடைய ஊர்க் கடற்கரையில் வாடி போட்டிருக்கும் குடும்பங்கள் எத்தனை என்று மாத்திரம் கேட்டேன். இருபது இருக்கும் என்றார். அடுத்த மாதம் வந்தபோது, முப்பத்தேழு சேர், அவற்றுட் பதினொன்று சம்மாட்டியிடம் கடன்பட்டு ஊரைவிட்டுப் போகமுடியாதவை என்று ஒரு கொப்பியைக் காட்டினார். கதை இன்னும் எழுதப்படவில்லை. கொப்பியில் இரண்டு வீடுகளுக்கு எதிரே ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தார். ஏன் என்றேன், அங்கே அவரோடு பேச மறுத்துவிட்டார்களாம், மறுபடியும் போகவேண்டும் என்றார்.