பனி ஏரிக்கான சோனார் பந்து: சுரண்டைக் குளத்தில் எதற்கு உதவும்?

பின்லாந்திலும் அமெரிக்காவின் மின்னசோட்டாவிலும் குளிர்காலத்தில் ஏரிகள் உறைந்து கல்லாகிவிடும். மக்கள் அவற்றின்மேல் நடந்துபோய், பனிக்கட்டியில் துளை போட்டு, அதற்குள் தூண்டிலை இறக்குவார்கள். கீழே எத்தனை ஆழம், அடியில் பாறையா சேறா, மீன் நிற்கிறதா இல்லையா என்பது கண்ணுக்குத் தெரியாது. ஒலியை அனுப்பி, அது திரும்பி வருவதை வைத்துப் படம் வரைந்து காட்டும் சோனார் பந்து அங்கே அவர்களுக்குத் துணை. லிதுவேனியாவின் டீப்பர் நிறுவனம் இந்த வகைக் கருவியைப் பரவலாக்கியது. இன்று பல நாட்டுத் தயாரிப்புகள் ஆன்லைனில் கிடைக்கின்றன.

நம் குளமும் கண்ணை மறைக்கிற குளம்தான். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, மறுகால் பாய்ந்து முடிந்த சுரண்டைப் பக்கத்துக் குளத்தில் செம்மண் கலங்கல் தெளிய நெடுநாள் ஆகும். ஒரு சாணுக்குக் கீழே கை வைத்தால் விரல் தெரியாது. அப்படியானால் இந்தக் கருவி இங்கே உதவுமா? ஜிபிஎஸ் உள்ள ஒரு மாடலை வாங்கி, மீன்பாசி குத்தகை எடுத்தவரின் அனுமதியோடு சுரண்டையை அடுத்த குளம் ஒன்றில் சோதித்தேன். இந்த வகைக் கருவியின் இயல்பையே இங்கே எழுதுகிறேன். எந்த ஒரு நிறுவனத்துக்கும் மதிப்பெண் போடுவது நோக்கமல்ல.

கையில் எடுத்தால்

டென்னிஸ் பந்து அளவு, ஏறக்குறைய 100 கிராம் எடை. தண்ணீரைத் தொட்டதும் தானாகவே உயிர்பெறுகிறது. சொந்தமாக ஒரு வைஃபை வலையை எழுப்பி போனோடு இணைந்துகொள்கிறது. செல்போன் டவர் எட்டாத உள்வாயிலும் வேலை செய்யும். பந்து நீர்மட்டத்தில் மிதப்பதால் தாழ்ந்த இடத்தில் நின்றால் சிக்னல் அறுபடுகிறது. குளக்கரையின் மேல் ஏறி நின்றால் நன்றாகக் கிடைக்கிறது. நம் குளங்களுக்கு உயர்ந்த மண்கரை இருப்பது இந்த விஷயத்தில் பெரிய வசதி.

வீசுவதற்கு நம் மூங்கில் தூண்டில் ஆகாது. 100 கிராம் எடையைத் தாங்கி வீசக்கூடிய கனமான ஸ்பின்னிங் ராடும் உறுதியான பின்னல் நூலும் வேண்டும். மெல்லிய நரம்பில் கட்டி வேகமாக வீசினால் நூல் அறுந்து பந்து நடுக்குளத்துக்குப் போய்விடும். குளத்துக்குள் கருவேல மரங்கள் நிற்கும் பக்கம் வீசவே கூடாது. ஆகாயத்தாமரை மூடிய இடத்திலும் பயனில்லை. பந்து இலைமேல் உட்கார்ந்துவிட்டால் ஒலி நீருக்குள் இறங்காது.

மீனைக் காட்டுகிறதா?

காட்டுகிறது, ஆனால் எல்லா மீனையும் அல்ல. மீனின் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பைதான் ஒலியை வலுவாகத் திருப்பி அனுப்புகிறது. அந்த மீன் எந்த மட்டத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்தே திரையில் தெரியும். நம் குளங்களில் குஞ்சு விட்டு வளர்க்கும் மூன்று பெருங்கெண்டைகளில் கட்லா மேல்மட்டத்தில் மேயும், ரோகு நடுவில், மிர்கால் அடியில். பந்துக்கு மிக அருகில் வரும் எதிரொலியைக் கருவியால் பிரித்தறிய முடியாததால் கட்லா பெரும்பாலும் தப்பிவிடுகிறது. அடிச்சேற்றில் மேயும் மிர்காலும் கெளுத்தியும் தரையின் எதிரொலியோடு கலந்துவிடுகின்றன. தெளிவாகத் தெரிவது ரோகு மட்டும்தான். விராலைத் தேடுகிறவர்களுக்கு இந்தக் கருவி வேண்டாம். அது கரையோரக் கோரைக்குள், முழங்கால் ஆழத்தில் கிடக்கிற மீன்.

இன்னொரு சிக்கலைக் குத்தகைக்காரர்தான் எனக்குக் காட்டிக்கொடுத்தார். திரையில் வரிசையாக மீன் படங்கள் எழும்பின. அவர் தண்ணீரைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, அது மீனில்ல. சகதிக்குள்ள இருந்து காத்து வருதுல்லா, அது.”

அவர் சொன்னது சரி. இலையும் தழையும் மக்கும்போது சேற்றிலிருந்து வாயுக் குமிழ்கள் கிளம்புகின்றன. குமிழும் காற்று, மீனின் காற்றுப்பையும் காற்று. கருவிக்கு இரண்டும் ஒன்றே. ஆகவே செயலியில் மீன் படம் போடும் வசதியை முதலில் அணைத்துவிடுங்கள். பதப்படுத்தாத எதிரொலியைப் பாருங்கள். அடியிலிருந்து நீர்மட்டம் வரை சாய்ந்து ஏறும் கோடு குமிழ். ஒரே ஆழத்தில் வில்லாக வளைந்தோ, பந்து அசையாதபோது நீண்ட கோடாகவோ தெரிவது மீன்.

கருவி எவ்வளவு அகலத்தைப் பார்க்கிறது என்பதையும் மனதில் வைக்க வேண்டும். ஒலி கூம்பு வடிவில் இறங்குகிறது. 15 பாகைக் கூம்பு 3 மீட்டர் ஆழத்தில் 80 சென்டிமீட்டர் வட்டத்தை மட்டுமே தொடும். 55 பாகைக் கூம்பு 3 மீட்டருக்குச் சற்று மேலான வட்டத்தைத் தொடும். நூறு மீட்டர் ஆழம் அளப்பதெல்லாம் விளம்பரத்துக்கு அழகு. அடவிநயினார் அணையின் முழு நீர்மட்டமே 132 அடி, அதாவது 40 மீட்டர்தான். குளத்துக்காரர் பார்க்க வேண்டியது கருவி எவ்வளவு குறைந்த ஆழத்தை அளக்கும் என்பதை. அரை மீட்டருக்குக் கீழே அளக்காத மாடல் கோடையில் நமக்கு உதவாது.

உண்மையான பலன் அடியில் இருக்கிறது

மீனை விட்டுவிட்டுத் தரையை அளக்கத் தொடங்கியதும் இந்தக் கருவியின் மதிப்பு எனக்குப் புரிந்தது. ஜிபிஎஸ் உள்ள மாடலைக் கரையிலிருந்து வீசி மெல்ல இழுத்துவந்தால், வந்த வழியெல்லாம் ஆழத்தைக் குறித்து வரைபடம் ஆக்குகிறது. ஜிபிஎஸ் இல்லாத மாடலில் இந்த வேலையைப் படகில் போய்த்தான் செய்யலாம்.

மடைக்கு அருகில் சோனார் காட்டிய ஆழத்தை மூங்கில் கழியால் சரிபார்த்தேன். கழி கூடுதலாக இறங்கியது. சோனாரின் உயர் அதிர்வெண் ஒலி இளகிய சேற்றின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பிவிடுகிறது. கழியோ சேற்றைத் துளைத்துக் கெட்டித் தரை வரை போகிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் வண்டலின் கனம். மடையடியில் அது ஒரு முழத்துக்கு மேல் இருந்தது. கருவி ஒன்று, கழி ஒன்று: இவற்றை வைத்துக்கொண்டு எந்தக் குளத்தில் எங்கே எவ்வளவு வண்டல் தேங்கியிருக்கிறது என்று ஊர்க்காரர்களே கணக்கெடுக்கலாம்.

வெப்பநிலையையும் கவனிக்க வேண்டும். உறைநிலை நன்னீரில் ஒலி நொடிக்கு 1,402 மீட்டர் போகிறது. 30 டிகிரி நீரில் 1,509 மீட்டர். குளிர்நீர்க் கணக்கிலேயே கருவி அளந்தால் 3 மீட்டர் ஆழம் 20 சென்டிமீட்டர் குறைவாகத் தெரியும். வெப்பமானி உள்ள மாடல் இதைத் தானே சரிசெய்துகொள்ளும். வாங்கும்போது அது இருக்கிறதா என்று பாருங்கள்.

வண்டல் கணக்கு ஏன் முக்கியம்? குற்றாலத்தில் சாரல் பிடித்தால் சிற்றாறு பெருகும். மேக்கரையிலிருந்து வரும் அனுமன் நதி வீரகேரளம்புதூரில் சிற்றாற்றோடு சேரும். இந்த ஆறுகளின் கால்வாய்களை நம்பிக் கிடக்கும் குளங்கள்தான் கார், பிசான நெல் சாகுபடிகளுக்கு ஆதாரம். அடியில் வண்டல் ஏறினால் கரை உயரம் அப்படியே இருந்தும் கொள்ளும் தண்ணீர் குறைகிறது. வண்டலை விவசாயிகள் தங்கள் வயலுக்கு இலவசமாக எடுத்துச் செல்ல அரசு அனுமதிக்கிறது. 2024 முதல் வட்டாட்சியரிடமே அந்த அனுமதியைப் பெறலாம். எங்கே எடுக்க வேண்டும் என்பதற்கு ஒரு வரைபடம் கையில் இருந்தால் வேலை ஒழுங்காக நடக்கும்.

இதே வரைபடத்தில் வேறொன்றும் தெரிந்தது. உள்வாயில் படிப்படியாக ஆழமாகிவந்த தரை, ஓரிடத்தில் திடீரென இரண்டு மடங்கு ஆழத்துக்கு விழுகிறது. மண் அள்ளிய பழைய பள்ளம் அது. மேலிருந்து பார்த்தால் நீர் ஒரே சமமாக இருக்கிறது. விடுமுறை நாளில் குளிக்க இறங்கும் பிள்ளைகளின் உயிரை வாங்குவது இத்தகைய பள்ளங்கள்தான். அதைக் குத்தகைக்காரரிடம் காட்டினேன். கரையில் ஒரு கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டச் சொன்னார். இந்த ஒரு பயனுக்காகவே ஊருக்கு ஒரு கருவி இருக்கலாம் என்று சொல்வேன்.

வெயிலும் பேட்டரியும்

பனிக்காலத்தில் பேட்டரி சீக்கிரம் தீரும் என்பது பனி ஏரியில் தூண்டில் போடுகிறவர்களின் கவலை. நமக்கு வெயில். லித்தியம் பேட்டரி உள்ள இந்தப் பந்தை பைக் பெட்டிக்குள் போட்டு வெயிலில் நிறுத்தாதீர்கள். சூட்டில் பேட்டரியின் ஆயுள் குறையும். நண்பகலில் போன் திரையும் சரியாகத் தெரிவதில்லை. விடியற்காலையும் மாலையும் ஏற்ற நேரம்.

யார் வாங்கலாம்?

பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடுகிறவர் வாங்கத் தேவையில்லை. ஜிபிஎஸ் மாடல் ஒரு நல்ல ஸ்மார்ட்போன் விலைக்கு விற்கிறது. அந்தப் பணத்தில் தரமான ராடும் ரீலும் வாங்கி, குளத்தை அறிந்த ஒரு மூத்தவரிடம் இடம் கேட்டுத் தூண்டில் போட்டால் மீன் கூடுதலாகவே கிடைக்கும். பல குளங்களைக் குத்தகை எடுப்பவர் வாங்கலாம். வலை எங்கே தரை தட்டும், கோடையில் மீன் எந்தப் பள்ளத்தில் ஒதுங்கும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம்.

நான் முழு மனதோடு பரிந்துரைப்பது நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்களுக்கும் ஊராட்சிகளுக்கும்தான். நான்கைந்து குளத்துக்கு ஒரு கருவி போதும். ஆண்டுக்கு ஒருமுறை, குளம் நிறைந்திருக்கும் தை மாதத்தில் அளந்து வரைபடத்தைப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த தையில் மீண்டும் அளந்து ஒப்பிட்டால், நம் குளம் ஓராண்டில் எவ்வளவு தூர்ந்தது என்பதற்கு ஊரின் கையிலேயே ஆதாரம் இருக்கும். தூர்வார மனு கொடுக்கும்போது அந்தத் தாளையும் சேர்த்துக் கொடுக்கலாம்.